தணிக்கை நவீனமாகிறது: சேரிக்குரிய பணத்தின் கணக்கை யார் கேட்பது?

1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசியல் சட்டம் உருவாக்கும் பதவிகளிலேயே மிக முக்கியமானது தணிக்கைத் தலைவரின் பதவியாகத்தான் இருக்கக்கூடும் என்று குறிப்பிட்டார். அந்தப் பதவியின் கடமைகள் நீதித்துறையின் கடமைகளைவிடவும் முக்கியமானவை என்பது அவர் கருத்து. நீதித்துறைக்கு இணையான சுதந்திரம் அதற்கு வழங்கப்படவில்லையே என்ற குறையையும் அவர் அன்றே பதிவு செய்தார். இடஒதுக்கீட்டையும் தீண்டாமை ஒழிப்பையும் பற்றி அவர் சொன்னவற்றை மேற்கோள் காட்டும் நாம், தணிக்கை பற்றி அவர் சொன்னதைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். பட்டியல் சாதி மக்களுக்கென ஒதுக்கப்படும் நிதி எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஆவணத்தோடு விடை தரக்கூடிய அரசியல் சட்ட அமைப்பு தணிக்கைத் துறையே. கடந்த இருபது ஆண்டுகளில் அத்துறை பல சீர்திருத்தத் திட்டங்களைக் கண்டுள்ளது. பணியாளர் பயிற்சி முறையும் மாறியுள்ளது. இவற்றால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

சட்ட அடித்தளம்

அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான உறுப்புகள் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரை, அதாவது நாம் வழக்கில் சி.ஏ.ஜி. என்று குறிப்பிடும் பதவியை, நிறுவுகின்றன. அவருடைய கடமைகளையும் அதிகாரங்களையும் 1971ஆம் ஆண்டின் சட்டம் வரையறுக்கிறது. அதன் 13ஆம் பிரிவு ஒன்றிய, மாநில அரசுகளின் தொகுப்பு நிதியிலிருந்து செய்யப்படும் எல்லாச் செலவுகளையும் தணிக்கை வரம்புக்குள் கொண்டுவருகிறது. 14ஆம் பிரிவு அரசின் மானியத்தையோ கடனையோ பெருமளவு சார்ந்து இயங்கும் நிறுவனங்களை எட்டுகிறது. ஓராண்டில் பெற்ற தொகை 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், அது அந்நிறுவனத்தின் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் இப்பிரிவு பொருந்தும். 18ஆம் பிரிவு எந்த அலுவலகத்தையும் ஆய்வு செய்யவும் கோப்புகளைக் கேட்டுப் பெறவும் அதிகாரம் தருகிறது. தாட்கோ போன்ற அரசு நிறுவனங்களுக்குக் கம்பெனிகள் சட்டத்தின் வழியாகத் தணிக்கையாளரை நியமிப்பவரும் சி.ஏ.ஜி. தான்.

இதற்கு வெளியே இரண்டு அடுக்குகள் உள்ளன. ஊராட்சிகள், நகராட்சிகள் ஆகியவற்றின் கணக்குகளைத் தமிழ்நாட்டில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. அதற்கென 2014இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மூன்றாவது அடுக்கு, மக்களே கிராம சபையில் அமர்ந்து கணக்குக் கேட்கும் சமூகத் தணிக்கை. இம்மூன்றையும் பிரித்தறிந்தால்தான் எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது விளங்கும்.

செலவுச் சீட்டிலிருந்து விளைவை நோக்கி

தணிக்கையில் மூன்று வகைகள் உண்டு. கணக்குகள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது நிதித் தணிக்கை. விதிகளும் ஆணைகளும் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது இணக்கத் தணிக்கை. செலவிட்ட பணம் நோக்கத்தை எட்டியதா, சிக்கனமாகவும் திறம்படவும் பயன்பட்டதா என்று பார்ப்பது செயல்திறன் தணிக்கை. நவீனமயமாக்கலின் முதற்படி இந்த மூன்றாவது வகைக்குக் கூடுதல் இடம் கொடுத்ததுதான். 2007ஆம் ஆண்டின் தணிக்கை ஒழுங்குமுறைகள் இதை முறைப்படுத்தின. அவற்றை எதிர்த்துத் தொடரப்பட்ட அரவிந்த் குப்தா வழக்கை 2012இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சி.ஏ.ஜி. வெறும் கணக்குப்பிள்ளை அல்லர், செலவின் பயனை ஆராய்வதும் அவர் கடமையே என்பது அந்த விசாரணையில் நீதிமன்றம் எடுத்த நிலை.

இந்த வேறுபாடு நமக்கு ஏன் முக்கியம்? விடுதி மாணவர்களுக்குப் போர்வை வாங்கியதற்கான செலவுச் சீட்டு ஒழுங்காக இருந்தால் நிதித் தணிக்கை திருப்தியடையும். கொள்முதல் விதிப்படி ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டிருந்தால் இணக்கத் தணிக்கையும் திருப்தியடையும். குளிர்காலம் முடிந்த பிறகுதான் போர்வை வந்து சேர்ந்தது என்பதைச் செயல்திறன் தணிக்கையே கேட்கும்.

இதற்கு நம் வரலாற்றிலேயே வலுவான சான்று உள்ளது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் தொழிலில் தள்ளப்பட்டோரின் விடுதலைக்கும் மறுவாழ்வுக்குமான தேசியத் திட்டத்தை சி.ஏ.ஜி. ஆய்வு செய்து 2003இல் அறிக்கை அளித்தார். பத்தாண்டுகளில் 600 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்ட பின்னும் திட்டம் தன் நோக்கத்தை எட்டவில்லை என்று அந்த அறிக்கை கூறியது. அத்தொழிலைத் தடை செய்யும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்தப்படாததையே அது அடிப்படைக் குறையாகச் சுட்டியது. அதே 2003இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2014 மார்ச் 27 அன்று வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் அந்தத் தணிக்கை அறிக்கையை எடுத்துக்காட்டியது. அத்தொழிலே தங்கள் எல்லையில் இல்லை என்று மாநில அரசுகள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், அரசின் சொந்தத் தணிக்கை ஆவணம் நம் மக்களின் பக்கம் நின்றது.

கல்லூரி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னோர் அறிக்கை, பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை குறித்த 2018ஆம் ஆண்டின் 12ஆம் எண் அறிக்கை. கர்நாடகம், மராட்டியம், பஞ்சாப், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் 2012-13 முதல் 2016-17 வரையிலான காலத்தை அது ஆராய்ந்தது. திட்டமிடலின்மை, தொகை வழங்குவதில் தாமதம், தகுதியற்றோருக்கு வழங்கியது எனப் பல குறைகளை அது பதிவு செய்தது. பின்னர் 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தின் நிதிப் பகிர்வை ஒன்றியத்துக்கு 60, மாநிலத்துக்கு 40 என மாற்றி, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளித்தது. சமூகத் தணிக்கையும், ஆண்டுதோறும் வெளி மதிப்பீடும், கல்வி நிறுவனங்களின் அரையாண்டு அறிக்கைகளும் அப்போது கண்காணிப்பின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. உங்கள் கல்லூரி அந்த அரையாண்டு அறிக்கையை அளிக்கிறதா என்று கேட்பது இன்று ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள உரிமை.

எண்ணியல் தணிக்கை: காண்பதும் காணாததும்

2015இல் தணிக்கைத் துறை பெருந்தரவுக் கொள்கையை வகுத்தது. அடுத்த ஆண்டு டில்லியில் தரவு மேலாண்மை மற்றும் பகுப்பாய்வு மையம் தொடங்கப்பட்டது. தணிக்கைப் பணியைத் திட்டமிடுவது முதல் அறிக்கையை இறுதி செய்வது வரை அனைத்தையும் ஒரே கணினி மேடைக்குக் கொண்டுவரும் ஓ.ஐ.ஓ.எஸ். என்னும் அமைப்பும் வந்துள்ளது. மாநிலங்களின் கருவூலங்களும் கணினிமயமாயின. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் இப்பணியைச் செய்கிறது. முன்பு ஒரு மாவட்டத்தில் சில கோப்புகளை எடுத்துப் பார்த்த தணிக்கையாளர், இப்போது மாநிலம் முழுவதற்குமான பட்டுவாடாவை ஒன்றாக அலச முடிகிறது.

இதன் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குறித்து 2023இல் வெளியான தணிக்கை அறிக்கை, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணில் பதியப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. ஆயிரம் தணிக்கையாளர்கள் கோப்பு கோப்பாகப் புரட்டினாலும் இது கண்ணில் படுவது கடினம்.

ஆனால் தரவு, தனக்குள் இருப்பதை மட்டுமே சொல்லும். உதவித்தொகை வராததால் இரண்டாம் பருவத்திலேயே படிப்பை விட்ட மாணவி எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. சாலை போடப்பட்டதாக அளவுப் புத்தகம் சொல்லும். அது ஊர்த்தெருவோடு நின்று காலனிக்கு வரவில்லை என்பதைச் சொல்லாது. அதனால்தான் புலத்தணிக்கைக்கு மாற்று இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய பள்ளிக் கழிப்பறைகள் பற்றிய தணிக்கையில், 15 மாநிலங்களில் 2,048 பள்ளிகளின் 2,695 கழிப்பறைகளைத் தணிக்கையாளர்கள் நேரில் சென்று பார்த்தனர். கட்டி முடிந்ததாகக் கணக்கில் காட்டப்பட்டவற்றுள் சில அங்கே இல்லவே இல்லை. இருந்தவற்றுள் 72 விழுக்காட்டில் குழாய் நீர் இல்லை. தண்ணீரில்லாக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய எந்தச் சாதிப் பிள்ளைகள் ஏவப்படுவார்கள் என்பது நாம் அறிந்ததே. அந்தக் கேள்வியைத் தணிக்கை வினாநிரல் கேட்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

789 என்னும் எண்

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கை வளர்ச்சி நிதியில் ஒதுக்குவது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. இந்நிதியைத் தனியே அடையாளம் காண 789 என்ற சிறு கணக்குத் தலைப்பும், பழங்குடியினருக்கு 796 என்ற தலைப்பும் உள்ளன. 2017-18 முதல் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவினை நீக்கப்பட்டபோது, எந்தத் தொகையின்மேல் விகிதத்தைக் கணக்கிடுவது என்ற குழப்பமும் உடன் வந்தது.

789இல் பணம் எழுதப்பட்டுவிட்டால் அது சேரிக்குச் சென்றதாகப் பொருளாகாது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டில்லியில் சிறப்புக் கூறு நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பிவிடப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தலித் அமைப்புகளும் வீட்டுரிமை அமைப்புகளும் அதை வெளிக்கொணர்ந்த பிறகு, நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இத்தகைய திருப்பிவிடல்களைத் தடுக்கவே ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் துணைத்திட்டச் சட்டங்களை இயற்றின. கர்நாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு, பொதுச் செலவின் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினருக்குச் செய்ததாகக் கருதிக்கொள்ள வழிவிட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கான சட்டம் 2024இல் நிறைவேறியது.

சட்டம் வந்துவிட்டதால் இந்த ஒதுக்கீடு சட்டக் கடமையாகிவிட்டது. எனவே அதன் மீறல் இணக்கத் தணிக்கைக்கு உரிய பொருளாகிறது. முன்பு வழிகாட்டு நெறி மீறல் என்று மட்டுமே எழுத முடிந்ததை, இப்போது சட்ட மீறல் என்று தணிக்கையாளர் எழுத முடியும். இந்த மாற்றத்தை உணர்ந்த தணிக்கையாளர்கள் வேண்டும் என்பதால்தான் பயிற்சி பற்றிய கேள்வி முக்கியமாகிறது.

பயிற்சிக் கூடங்கள்

தணிக்கைத் துறை அதிகாரிகளின் முதன்மைப் பயிற்சி 1950இல் தொடங்கப்பட்ட சிம்லா தேசியக் கழகத்தில் நடைபெறுகிறது. தகவல் தொழில்நுட்பத் தணிக்கைக்கும் அயல்நாட்டுத் தணிக்கையாளர்களின் பயிற்சிக்கும் நொய்டாவில் 2002 முதல் ஒரு பன்னாட்டு மையம் இயங்குகிறது. ஜெய்ப்பூர் மையம் சுற்றுச்சூழல் தணிக்கையைக் கற்பிக்கிறது. உள்ளாட்சித் தணிக்கைக்கென ராஜ்கோட்டில் 2024 ஜூலையில் ஒரு பன்னாட்டு மையம் திறக்கப்பட்டது. கீழ்நிலைப் பணியாளர்களுக்குச் சென்னை உட்படப் பல நகரங்களில் வட்டாரப் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன.

சுற்றுச்சூழலுக்குத் தனி மையம் உண்டு, தகவல் தொழில்நுட்பத்துக்கு உண்டு, உள்ளாட்சிக்கு உண்டு. சமூகநீதிச் செலவினத் தணிக்கைக்கு இவற்றுக்கு இணையான ஒரு பன்னாட்டு மையம் இல்லை. சுற்றுச்சூழலைத் தணிக்கை செய்ய அறிவியல் அறிவு வேண்டும் என்று ஏற்கும் அரசு, சாதி எப்படி இயங்குகிறது என்பதை அறிவதும் ஒரு துறையறிவு என்பதை ஏற்க வேண்டும். ஊரின் நிலவமைப்பைப் புரியாத தணிக்கையாளர், குடிநீர்த் தொட்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று கேட்கமாட்டார். பயனாளிகள் பட்டியலில் உள்ள பெயர்களை ஊர்ப்பெரியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சரிபார்த்தால், சேரி மக்கள் உண்மையைச் சொல்ல அஞ்சுவர். அவர்களைத் தனியே, அவர்கள் தெருவிலேயே சந்திக்க வேண்டும் என்பது தணிக்கை நுட்பம் சார்ந்த செய்தி. அது பயிற்சிப் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

ஊராட்சியில் தணிக்கை ஆயுதமாகும்போது

11ஆம் நிதிக்குழு, உள்ளாட்சிக் கணக்குகளுக்குச் சி.ஏ.ஜி.யின் தொழில்நுட்ப வழிகாட்டுதலும் மேற்பார்வையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 15ஆம் நிதிக்குழு, தணிக்கை செய்த கணக்குகளை இணையத்தில் வெளியிடுவதை மானியம் பெறுவதற்கான நிபந்தனையாக்கியது. 2020இல் ஆடிட் ஆன்லைன் என்ற இணையத்தளம் வந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

எனினும் தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும். தனித்தொகுதி ஊராட்சியில் தலைவர் தலித்தாகவும் துணைத்தலைவர் ஆதிக்க சாதியினராகவும் இருக்கும்போது, கையொப்பத்தை மறுப்பதே நிர்வாகத்தை முடக்கப் போதும். ரொக்கப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் தலைவரின் கைக்கே வராத ஊராட்சிகளும் உண்டு. பிறகு தணிக்கைத் தடை எழும்போது அது தலைவரின் பெயரில் எழுகிறது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி தலைவரைப் பதவிநீக்கும் நடவடிக்கைக்கு அதுவே அடிப்படையாக்கப்படலாம்.

ஆகவே தலித், பழங்குடித் தலைவர்களுக்கான பயிற்சி, விதிகளை ஒப்பிக்கும் ஒருநாள் வகுப்பாக முடிந்துவிடக் கூடாது. பதிவேட்டைத் தர மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு ஒப்புகை பெறுவது, கையொப்ப மறுப்பை உடனடியாக மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவது, தணிக்கைத் தடைக்கு உரிய காலத்தில் ஆவணத்தோடு விடை தருவது ஆகியவற்றை அது கற்பிக்க வேண்டும். இத்தகைய வழக்குகளில் தலைவரைக் காப்பது பெரும்பாலும் அவர் அன்றே எழுதி வைத்த ஒரு கடிதத்தின் நகல்தான்.

மக்கள் கேட்கும் கணக்கு

1990களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய மக்கள் விசாரணைகளிலிருந்து சமூகத் தணிக்கை பிறந்தது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைச் சட்டமாக்கியது. 2011இல் சி.ஏ.ஜி.யுடன் கலந்து வகுக்கப்பட்ட விதிகள், வேலையை நடத்தும் துறையிலிருந்து விலகி நிற்கும் தனி அமைப்பையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கையையும் கோரின. 2016இல் தணிக்கைத் தரநிலைகள் வந்தன. ஐதராபாத் தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனத்தின் வழியாக 30 நாள் சான்றிதழ்ப் பயிற்சியும் வந்தது. மேகாலயா 2017இல் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

கூலி வேலைக்குச் செல்லும் பெண், அரசின் மஸ்டர் ரோலைப் படித்து அதில் தன் பெயருக்கு எதிரே உள்ள நாள்களைச் சரிபார்ப்பது சாதி அடுக்கையே அசைக்கும் செயல். அதனால்தான் இவ்வமைப்புகளுக்கு நிதி தாமதமாவதும், கண்டறியப்பட்ட தொகை வசூலிக்கப்படாமல் நிற்பதும், கிராம சபையில் கேள்வி கேட்டவர் மிரட்டப்படுவதும் தொடர்கின்றன. ஊரக வேலைத் திட்டம் எந்தச் சட்டப் பெயரில் தொடர்ந்தாலும் இந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்க முடியாது.

அறிக்கையை எப்படிப் பயன்படுத்துவது?

தணிக்கை அறிக்கை மேசையில் கிடந்தால் பயனில்லை. முதலாவதாக, அவையில் வைக்கப்பட்ட அறிக்கைகள் சி.ஏ.ஜி.யின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன; மாநில அறிக்கையில் ஆதிதிராவிடர் நலத்துறை பற்றிய பத்திகளையும், 789ஆம் தலைப்பில் செலவிடாமல் ஒப்படைக்கப்பட்ட தொகையையும் முதலில் பாருங்கள்.

இரண்டாவதாக, அவையில் வைக்கப்படாத அறிக்கையைத் தகவல் சட்டத்தின்கீழ் பெறுவது கடினம். அவை உரிமை என்று காரணம் சொல்லப்படும். ஆனால் உங்கள் மாவட்ட அலுவலகத்தின்மீது எழுந்த தணிக்கைத் தடைகளையும், அலுவலகம் அளித்த விடைகளையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். அச்சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, மானியத் திட்டங்களின் ஒதுக்கீட்டையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிடப் பணிக்கிறது.

மூன்றாவதாக, பொதுக் கணக்குக் குழுவின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, குறிப்பாகத் தனித்தொகுதி உறுப்பினர்களுக்கு, குறிப்பிட்ட பத்தியை எடுத்துக்காட்டி மனு அனுப்புங்கள்.

நான்காவதாக, நீதிமன்றத்தில் எச்சரிக்கை வேண்டும். அருண்குமார் அகர்வால் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், சி.ஏ.ஜி. அறிக்கை நாடாளுமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. அதை மட்டுமே முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது என்று கூறியது. எனவே அறிக்கையோடு களச் சான்றுகளையும், பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களையும் சேர்த்தே மனுத் தாக்கல் செய்ய வேண்டும்.

இன்னும் ஓர் ஓட்டை அடைபடாமல் உள்ளது. 151ஆம் உறுப்பு அறிக்கையை அவையில் வைக்கச் சொல்கிறது. எத்தனை நாள்களுக்குள் என்று சொல்லவில்லை. டில்லியில் 14 அறிக்கைகள் வைக்கப்படாமல் கிடந்து, 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அத்தாமதத்தைக் கண்டித்தது. அப்போதும் அவையைக் கூட்டுமாறு அது ஆணையிடவில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. அறிக்கையை அவையில் வைக்கச் சட்டத்தில் காலவரம்பு வேண்டும். துணைத்திட்ட நிதிக்கு ஆண்டுதோறும் தனித் தணிக்கை அறிக்கை வேண்டும். அத்தணிக்கையில் சேரிகளுக்கு நேரில் சென்று பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். தணிக்கையாளர் பயிற்சியில் சாதி குறித்த பாடம் சேர்க்கப்பட்டு, களத்தை அறிந்த தலித் அமைப்புகளும் அப்பாடத்தை வகுப்பதில் பங்கேற்க வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கிராம சபைக்குச் செல்லும்போது ஊராட்சியின் சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கையைப் படித்துக் காட்டுமாறு கேளுங்கள். படிக்க மறுத்தால் அந்த மறுப்பையே தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.